சூட்டில் தளரும் எவர்சில்வர் போல்ட்: ஓர் எக்ஸாஸ்ட் பழுதின் முழு ஆய்வு

இன்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட்டின் துருவேறிய போல்ட்டோடு அரை நாள் மல்லுக்கட்டியவருக்கு அடுத்து வரும் எண்ணம் பெரும்பாலும் ஒன்றுதான். எல்லாவற்றையும் எவர்சில்வராக மாற்றிவிட்டால் இனிமேல் தொல்லை இல்லை. அந்த எண்ணத்தில் பாதி சரி. மற்றப் பாதி எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு வண்டியின் நான்கு இணைப்புகளை வைத்து இங்கே பார்க்கலாம். வெவ்வேறு வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் பழுதுகளை ஒரே வண்டியில் சேர்த்து வைத்திருக்கிறோம். கணக்கைத் தொடர்ந்து போட்டுப் பார்க்க அது வசதி.

வண்டியும் செய்த மாற்றமும்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், டர்போ கிடையாது. சிலிண்டர் ஹெட் அலுமினியம், சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிப்பவை எட்டு எம்8 (8 மி.மீ. விட்டம்) ஸ்டட்டுகள், அதாவது தலையில்லாத மரைக் கம்பிகள், மரை இடைவெளி 1.25 மி.மீ. மேனிஃபோல்டும், அங்கிருந்து கீழே இறங்கும் டவுன்பைப் குழாயும் சேரும் இடத்தில் வளைய கேஸ்கெட், அதை அழுத்திப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங் போல்ட். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒரு தட்டை ஃபிளேஞ்ச் (குழாய் முனையின் இணைப்புத் தகடு), இரண்டு எம்10 போல்ட். கடைசியில் பின் சைலன்சரைப் பிடிக்கும் யூ கிளாம்பும், வெப்பத் தடுப்புத் தகட்டின் எம்6 போல்ட்டுகளும்.

இவை அனைத்தும் ஏ2-70 எவர்சில்வராக மாற்றப்பட்டன, நட்டுகள் உட்பட. எல்லா மரையிலும் மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும், செம்பு கலந்த ஆன்டி சீஸ் பசை தடவியாயிற்று. முறுக்கு அளவு மட்டும் பழைய போல்ட்டுக்குக் கையேட்டில் இருந்ததே: எம்8க்கு 25 நியூட்டன் மீட்டர், எம்10க்கு 50. ஸ்பிரிங் போல்ட் எவர்சில்வரில் கிடைக்காததால் அங்கே முழு நீளத்துக்கும் மரை வெட்டிய சாதா எவர்சில்வர் போல்ட் போயிற்று. நட்டுகளை உள்ளே ஓட்டியது இம்பாக்ட் ரெஞ்ச்.

மேலே உள்ள பத்தியில் நான்கு தவறுகள் இருக்கின்றன. நான்குமே நல்ல எண்ணத்தில் செய்தவை, பார்க்கும்போது தவறாகவும் தெரியாதவை.

அறிகுறி

காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் அமைதி. இருபது நிமிடம் ஓடிவிட்டு மேடு ஏறும்போதுதான் மேனிஃபோல்ட் பக்கம் டிக் டிக் என்ற சத்தம், கூடவே லேசாகப் புகை வாடை. ஓட்டம் நின்று ஆறியதும் சத்தம் போய்விடும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் எரிபொருள் திருத்தம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கூட்டல் பக்கம் ஏறியிருக்கிறது. மேனிஃபோல்ட் கசிந்தால் புகை வெளியே தள்ளுவதோடு நிற்காது. இரண்டு அழுத்தத் துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்த ஆக்சிஜனைப் பார்க்கும் சென்சார் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று சொல்ல, கணினி வீணாகப் பெட்ரோலைக் கூட்டும்.

சத்தத்தின் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மேனிஃபோல்ட் வளைந்திருந்தாலோ ஸ்டட் உடைந்திருந்தாலோ வழக்கமாக நேர்மாறாக நடக்கும்: குளிரில் சத்தம் வரும், சூடாகி இரும்பு விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் குறையும். குளிரில் அமைதியும் சூட்டில் சத்தமுமாக இருந்தால் சூடாகும்போது பிடிப்பு தளர்கிறது என்று பொருள்.

அதனால்தான் வழக்கமான சோதனைகள் இங்கே ஏமாற்றின. ஆறிய இன்ஜினில் டார்க் ரெஞ்ச் வைத்தால் எட்டில் ஆறு நட்டு அசையவில்லை. வாக்குவம் கிளீனரின் காற்று ஊதும் முனையைச் சைலன்சர் வாயில் வைத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தும் குமிழி வரவில்லை. கசிவைக் காட்டிக்கொடுத்தது கேஸ்கெட் விளிம்பில் விசிறிபோலப் படிந்திருந்த கரி. புகைச் சோதனைக் கருவி இருந்தால், வண்டி ஓடி வந்து இன்ஜினை நிறுத்திய உடனே, சூடு இறங்குமுன் செய்ய வேண்டும்.

முறுக்கு அளவில் நடந்தது

ஏ2 என்பது 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கொண்ட ஆஸ்டெனைட் வகை எவர்சில்வர், 304 என்று அழைக்கப்படும் உலோகத்தின் குடும்பம். பின்னால் வரும் 70 என்ற எண் அதன் இழுவலிமை 700 மெகாபாஸ்கல் என்று சொல்கிறது. ஆனால் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு, அதாவது நீட்சி எல்லை, 450தான். பழைய 8.8 வகுப்பு கார்பன் எஃகு போல்ட்டில் அது 640. எவர்சில்வர் விலை உயர்ந்தது, பளபளப்பானது, ஆகவே வலிமையும் கூடுதல் என்று கை தானாக நம்பிவிடுகிறது. எண்கள் வேறு சொல்கின்றன.

எம்8 மரையின் தாங்கும் பரப்பு 36.6 சதுர மி.மீ. முறுக்கு என்பது இழுவிசை, விட்டம், உராய்வைப் பொறுத்த முறுக்குக் கெழு மூன்றின் பெருக்கல். உலர்ந்த மரைக்குக் கெழு ஏறத்தாழ 0.2, பசை தடவினால் 0.15 என்று வைத்துக்கொள்ளலாம். 25 நியூட்டன் மீட்டரை 0.15 ஆலும் 0.008 மீட்டராலும் வகுத்தால் 20,800 நியூட்டன். அதைப் பரப்பால் வகுத்தால் 569 மெகாபாஸ்கல். 450ஐத் தாண்டிவிட்டது, 700ஐத் தொடவில்லை. ஆக ஸ்டட் அறுந்துவிழவில்லை, கையிலும் எதுவும் தெரியவில்லை. உள்ளே மட்டும் நீண்டுவிட்டது. எம்10க்கு 50 என்பதைப் போட்டுப் பார்த்தாலும் 575 வருகிறது.

ஏ2-70ஐ அதன் நீட்சி எல்லையில் 65 சதவீதம் வரை, அதாவது 290 மெகாபாஸ்கல் வரை இழுப்பது பாதுகாப்பு. எம்8க்கு அது 10,600 நியூட்டன். உலர்ந்த மரையில் 17 நியூட்டன் மீட்டர், பசையோடு 12 முதல் 13. அதே அளவு 8.8 போல்ட் 15,900 நியூட்டன் பிடிக்கும். இதைத் தெரிந்துகொண்டே எவர்சில்வரைப் போடலாம், தவறில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு பிடிப்பைக் குறைத்துக்கொண்டுதான் போடுகிறோம்.

சூட்டில் இந்த 450ம் நிற்காது. ஐ.எஸ்.ஓ 3506 தரவரையறை தரும் வழிகாட்டுதலின்படி ஏ2, மாலிப்டினம் சேர்ந்த ஏ4 போல்ட்டுகளின் நீட்சி எல்லை 100 டிகிரியில் 85 சதவீதம், 200ல் 80, 300ல் 75, 400ல் 70 என்று இறங்குகிறது. 300 டிகிரியில் கையில் இருப்பது 338 மெகாபாஸ்கல்.

விரிவுக் கணக்கு

முறுக்கைச் சரியாக வைத்திருந்தால் போதாதா? போதாது. இதுதான் இந்தப் பழுதின் மையம்.

ஆஸ்டெனைட் எவர்சில்வர் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 18 மைக்ரோமீட்டர் விரியும். வார்ப்பிரும்பு 12. கார்பன் எஃகு 13. மேனிஃபோல்ட் ஃபிளேஞ்ச், கேஸ்கெட், வாஷர் சேர்த்து ஸ்டட் கவ்வும் தடிமன் 14 மி.மீ. என்று கொள்வோம். 290 மெகாபாஸ்கலில் இழுபட்ட எவர்சில்வர் ஸ்டட் அந்த 14 மி.மீ.யில் நீண்டிருப்பது 0.021 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. இணைப்பின் மொத்தப் பிடிப்பும் அந்த நீட்சிக்குள்தான் இருக்கிறது.

20 டிகிரியிலிருந்து ஃபிளேஞ்ச் 400க்கு ஏறினால் அது 0.064 மி.மீ. தடிக்கும். ஸ்டட் ஹெட்டின் குளிர்ச்சியால் 300லேயே நின்றால் அதன் விரிவு 0.071. இழப்பு 0.007, பிடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. சமாளிக்கலாம். நீண்ட ஓட்டத்தில் ஸ்டட் 350க்கு ஏறினால் விரிவு 0.083, இழப்பு 0.019. பிடிப்பு ஏறக்குறைய முழுதும் போயிற்று. வெறும் 50 டிகிரி வித்தியாசம் இணைப்பை வாழவைக்கிறது அல்லது கைவிடுகிறது. இருபது நிமிடம் ஓடி, மேடு ஏறும்போது மட்டும் சத்தம் வந்ததற்கு விடை இதுவே. ஃபிளேஞ்சும் ஓர் அழுத்தப்பட்ட ஸ்பிரிங்போல் சற்றே திரும்பி எழும் என்பதால் நிஜத்தில் இழப்பு கொஞ்சம் குறையலாம். திசை மாறாது.

அதே 350ல் கார்பன் எஃகு ஸ்டட் 0.060தான் விரியும். ஃபிளேஞ்சின் 0.064 அதைவிட அதிகம். அங்கே சூட்டில் பிடிப்பு தளராமல் சற்று இறுகுகிறது. துருப்பிடிக்கும் பழைய ஸ்டட் சத்தமில்லாமல் செய்துவந்த வேலை அது.

கவ்வும் தடிமன் கூடினால் கணக்கு மாறுமா என்றால், மாறாது. நீட்சியும் விரிவும் ஒரே விகிதத்தில் கூடுவதால் நீளம் இருபுறமும் அடிபட்டுப்போகும். தடித்த ஃபிளேஞ்ச் என்பதால் மட்டும் நீண்ட ஸ்டட் காப்பாற்றாது.

இத்தோடு சூடேறும் நேரத்தின் சிக்கலையும் சேர்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் ஃபிளேஞ்ச் 250 டிகிரியைத் தொடும்போது ஸ்டட் 120ல் இருக்கலாம். அப்போது ஃபிளேஞ்ச் ஸ்டட்டை 0.014 மி.மீ. கூடுதலாக இழுக்கும். சரியான முறுக்கில் வைத்த ஸ்டட்டுக்கே இது நெருக்கடி. இந்த வண்டியின் ஸ்டட்டுகள் 25 நியூட்டன் மீட்டரிலேயே எல்லையைத் தொட்டுவிட்டவை. அவற்றால் அந்த 0.014ஐ மீள்தன்மையில் வாங்க முடியாது. முழுதும் நிரந்தர நீட்சியாகிவிடும். எல்லையில் நின்ற ஸ்டட்டின் மீள் நீட்சி 0.033, அதில் 0.014 போக மிச்சம் 0.019. பின்னால் முழுச் சூட்டில் இழப்பதும் 0.019. இணைப்பு கைவிட்டுப் போவதற்கு ஒரே ஒரு முழு ஓட்டம் போதும். ஆறியபின் அந்த 0.019 திரும்ப வந்துவிடும். காய்ந்த பசையின் பிடியும் சேர்ந்துகொள்ள, டார்க் ரெஞ்சுக்கு எல்லாம் இறுக்கமாகவே தோன்றும்.

ஓரத்து ஸ்டட்டுகளுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. 450 மி.மீ. நீள மேனிஃபோல்ட் 500 டிகிரி ஏறினால் 2.7 மி.மீ. நீளும். அலுமினியம் அதிகம் விரிந்தாலும் ஹெட்டின் சூடு 80 டிகிரி அளவே ஏறுவதால் அது 0.8 மி.மீ.தான் நீளும். மீதி 1.9 மி.மீ.யை நடுவிலிருந்து இரு பக்கமும் பங்கிட வேண்டும். ஓரத்துத் துளைகள் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ இருப்பது ஃபிளேஞ்ச் அங்கே வழுக்கிப் போகத்தான். அந்தத் துளையில் கரியும் துருவும் அடைந்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஸ்டட் வளைந்து நிமிரும். உடையும் ஸ்டட் பெரும்பாலும் ஓரத்து ஸ்டட்டாக இருப்பது தற்செயல் இல்லை.

கழற்றியபோது கண்டது

எட்டு நட்டுகளில் நான்கு ஒழுங்காக வந்தன. இரண்டு விரலாலேயே சுழன்றன: பிடிப்பற்ற சூட்டு நேரத்தில் அதிர்வு அவற்றைத் திருப்பிவிட்டது. ஓர் ஓரத்து ஸ்டட் ஹெட்டின் மட்டத்தில் உடைந்து கிடந்தது. மற்ற ஓரத்து நட்டு ஸ்டட்டோடு ஒன்றாகிப் போயிருந்தது. ஸ்பானரைத் திருப்பியதும் ஸ்டட் முழுதாக ஹெட்டிலிருந்து வந்தது, அலுமினிய மரையையும் வெள்ளைப் பொடியையும் இழுத்துக்கொண்டு.

அந்த ஒட்டுதல் துருவால் வந்ததில்லை. எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் படிந்த மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம். மரைகள் அழுத்தத்தோடு உரசும்போது அந்தப் படலம் சுரண்டப்பட்டு, வெறும் உலோகம் வெறும் உலோகத்தைத் தொடும். இரண்டும் ஒரே மாதிரி மென்மையான உலோகம் என்பதால் பற்றவைத்ததுபோல ஒட்டி, கிழிந்து, மேலும் ஒட்டும். வெப்பத்தைக் கடத்துவதில் எவர்சில்வர் கார்பன் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் உரசிய சூடும் மரையிலேயே தங்கிவிடும். இம்பாக்ட் ரெஞ்சின் வேகம் எரியும் தீயில் எண்ணெய் வார்த்ததுபோல. எவர்சில்வர் நட்டைக் கையால் ஓட்டி, கைப்பிடி ரெஞ்சால் மெதுவாக இறுக்க வேண்டும். நட்டு திடீரென்று கனத்தாலோ, கிறீச்சிட்டாலோ, தொட்டால் சுட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, கால் கால் சுற்றாகப் பின்னால் எடுங்கள். இன்னும் ஒரு சுற்று போய்விடும் என்று தள்ளினால் அதோடு முடிந்தது. முற்றிலும் ஒட்டிய மரைக்கு எந்த எண்ணெயும் சூடும் உதவாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். நுண்மரையில் இந்த ஆபத்து கூடுதல், ஆகவே எவர்சில்வர் என்றால் பெருமரையே நல்லது.

வெள்ளைப் பொடி அலுமினிய ஆக்சைடு. ஈரமும் உப்பும் மரைச் சந்துக்குள் புகுந்தால் அலுமினியத்துக்கும் எவர்சில்வருக்கும் நடுவே சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் அரிக்கப்படும். அரித்த பொடிக்கு உலோகத்தைவிட இடம் அதிகம் வேண்டும். அது ஸ்டட்டை நெருக்கிப் பிடிக்கும்.

டவுன்பைப்பில் வேறு கதை. அசல் ஸ்பிரிங் போல்ட்டில் மரைக்கு முன் ஒரு தோள் இருக்கும். நட்டோ போல்ட்டோ அந்தத் தோளில் முட்டி நின்றுவிடும், ஸ்பிரிங் குறித்த நீளத்துக்கு மேல் அமுங்காது. முறுக்கு எவ்வளவு கூட்டினாலும் ஸ்பிரிங் விசை மாறாது என்பதுதான் அதன் சிறப்பு. முழு மரை போல்ட்டில் தோள் இல்லாததால் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை இறுக்கப்பட்டது. அசைந்து கொடுக்க வேண்டிய இணைப்பு விறைத்தது. இன்ஜின் ஒவ்வொரு முறை ஆடும்போதும் அந்த ஆட்டம் டவுன்பைப்பின் வெல்டுக்குப் போய், அங்கே மயிரிழை விரிசல் விழுந்திருந்தது. இங்கே எவர்சில்வர் மேல் குற்றமில்லை. வடிவம் மாறியதுதான் காரணம்.

நடு ஃபிளேஞ்சில் போல்ட்டுகள் அறவில்லை, ஆனால் ஃபிளேஞ்ச் விளிம்பு முழுதும் கரி. ஃபிளேஞ்சும் எவர்சில்வர், போல்ட்டும் எவர்சில்வர், பிறகு ஏன் விரிவு பொருந்தவில்லை என்று கேட்கலாம். காந்தத்தை வைத்தால் ஃபிளேஞ்சில் ஒட்டியது. தொழிற்சாலையிலிருந்து வரும் எக்ஸாஸ்ட் குழாய்களில் பெரும்பகுதி 409 போன்ற ஃபெரைட் வகை: குரோமியம் 11 சதவீத அளவு, நிக்கல் ஏறக்குறைய இல்லை, விரிவு வார்ப்பிரும்பையும் கார்பன் எஃகையும் ஒட்டியது. ஏ2 போல்ட்டை வைத்தால் மேலே பார்த்த அதே கணக்குதான். 304 குழாயில் 304 ஃபிளேஞ்ச் வைத்துக் கையால் செய்த எக்ஸாஸ்ட்டில் மட்டும் ஏ2 போல்ட் பொருந்தும். இரண்டும் ஒன்றாக விரிவதோடு, ஃபிளேஞ்சைவிட போல்ட் சற்றுக் குளிர்ந்தே இருப்பதால் பிடிப்பும் தளராது. போல்ட்டில் காந்தம் லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம். குளிர்நிலையில் அடித்து உருவாக்கியதால் ஏ2 தலைக்குச் சிறிது காந்தத்தன்மை வரும். தலையில் ஏ2-70 என்ற முத்திரை இல்லாத போல்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். அது 210 மெகாபாஸ்கலிலேயே நீளும் 50 வகுப்பாக இருக்கலாம்.

உடைந்த ஸ்டட்டை எடுத்த முறை

முதலில் எச்சரிக்கை. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங்கோ தீயோ வைக்காதீர்கள், நச்சு வாயு வரும். துத்தநாகப் பூச்சுள்ள நட்டைத் தீயால் சுட்டாலும் அப்படியே, புகை நஞ்சு. அலுமினிய ஹெட்டருகே தீ வைப்பதிலும் கவனம் தேவை. எஃகு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் நிறம் மாறாமலே உருகி இறங்கிவிடும்.

மட்டத்தில் உடைந்த ஸ்டட்டுக்கு முதல் வழி, அதன் மேல் சற்றுப் பெரிய எஃகு நட்டை வைத்து நட்டின் துளை வழியாக வெல்ட் செய்வது. எவர்சில்வரையும் கார்பன் எஃகையும் சேர்ப்பதால் 309 நிரப்புக் கம்பி. உருகிய எஃகு அலுமினியத்தில் ஒட்டாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். வெல்ட் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும் ஸ்டட்டே பிடியைத் தளர்த்திக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஊடுருவும் எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக அசையுங்கள். ஒரே திசையில் முறுக்கினால் வெல்ட் அறும். முதல் வெல்ட் அறுவது சாதாரணம், மூன்றாவது முறை வரை முயலலாம்.

துளைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால், எவர்சில்வர் துளைக்கும் இடத்தில் இறுகும் உலோகம் என்பதை மறக்கக் கூடாது. கோபால்ட் கலந்த துளைப்பான், 5 மி.மீ.க்கு நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்று, வெட்டும் எண்ணெய், விடாத அழுத்தம். சுருள் வராமல் துளைப்பான் வெறுமனே உரசினால் அந்த இடம் கண்ணாடிபோல் இறுகி, அடுத்த துளைப்பானின் முனை போகும். இடஞ்சுழித் துளைப்பான் கிடைத்தால் பாதி வேலையிலேயே ஸ்டட் தானாகச் சுழன்று வரலாம். கூம்பு வடிவ ஸ்டட் பிடுங்கியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கடினமும் நொறுங்கும் குணமும் கொண்ட அது உள்ளே உடைந்தால் அதைத் துளைக்க எதுவும் மிஞ்சாது.

மரை போன துளையை 8.3 மி.மீ.க்குத் துளைத்து, அதற்குரிய மரை வெட்டி, எம்8 ஹெலிகாயில் (புது மரை தரும் சுருள் கம்பி) செருகியாயிற்று. அலுமினியத்தில் ஸ்டட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 16 மி.மீ. ஆழம் மரை பிடிக்க வேண்டும். குருட்டுத் துளையில் பசையை அளவோடு தடவுங்கள். அடியில் தேங்கிய பசை ஸ்டட்டை உட்காரவிடாது, ஹெட்டில் விரிசலும் விழலாம். துளை நீர்ப்பாதைக்குள் திறந்தால் ஆன்டி சீஸ் பசைக்குப் பதில் கையேடு சொல்லும் மரை அடைப்பான்.

திரும்பப் பூட்டியது

மேனிஃபோல்டுக்கு வெப்பம் தாங்கும் குரோம்-மாலிப்டினம் எஃகு ஸ்டட்டுகள். அதன் விரிவு வார்ப்பிரும்பை ஒட்டியது, சூட்டில் இறுக்கத்தையும் விடாது. சாதா 8.8, 10.9 போல்ட்டுகளைப் போடுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது: அவற்றைப் பதப்படுத்தும் குறைந்தபட்சச் சூடு 425 டிகிரி. அதை நெருங்கும் இடத்தில் வகுப்பு எண் எவ்வளவு உயர்ந்தாலும் இளகிவிடும். டர்போ இணைப்புகளுக்கு ஏ286 என்ற நிக்கல் கூடுதலான இரும்புக் கலவை இருக்கிறது. எவர்சில்வர்போலவே விரியும் என்றாலும் அதிகம் இழுத்து வைக்கலாம், 650 டிகிரியிலும் வலிமை நிற்கும்.

நட்டுகள் செம்புப் பூச்சுள்ள, முழு உலோகப் பூட்டு நட்டுகள். நைலான் வளையம் உள்ள நட்டு 120 டிகிரியில் முடிந்துபோகும், அதற்கு இங்கே வேலையில்லை. சாதா ஸ்பிரிங் வாஷரும் சூட்டில் தன் விறைப்பை இழந்து வெறும் தகடாகிவிடும். துத்தநாகப் பூச்சுள்ள வாஷரையோ துத்தநாகம் கலந்த பசையையோ சூடான எவர்சில்வரோடு சேர்க்கவே கூடாது. துத்தநாகம் 420 டிகிரியில் உருகி, ஆஸ்டெனைட் எவர்சில்வரின் நுண்ணிய உலோக மணிகளுக்கு நடுவே புகுந்து அதை நொறுங்கச் செய்யும்.

ஸ்டட்டுகளை ஹெட்டில் கையால் உட்கார வைத்து 6 நியூட்டன் மீட்டர் மட்டும். ஓரத்துத் துளைகளிலிருந்த கரி சுரண்டப்பட்டது. புது கேஸ்கெட். நட்டுகள் நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக: 8, 14, பிறகு 19. கையேட்டின் 25 உலர்ந்த மரைக்கானது, பசை இருப்பதால் 19 போதும். மூன்று முறை முழுதாகச் சூடேறி ஆறியபின், ஆறிய நிலையில் அதே 19க்குச் சரிபார்த்தல்.

எவர்சில்வர் ஸ்டட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நீண்ட ஸ்டட் போட்டு, நட்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவே 20 மி.மீ. நீளமும் 16 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள 304 குழல் ஒன்று. குழலும் ஸ்டட்டும் ஒன்றாக விரிவதால் அந்த 20 மி.மீ.யில் இழப்பில்லை. ஆனால் இழுத்து வைத்த நீட்சி இப்போது 34 மி.மீ.க்கானது, 0.051 மி.மீ. ஃபிளேஞ்சின் 14 மி.மீ.யில் 0.019 போனாலும் மிச்சம் 0.032, ஆரம்பப் பிடிப்பில் 60 சதவீதத்துக்கு மேல். தடித்த ஃபிளேஞ்ச் தராததைக் குழல் தருவது இந்தக் காரணத்தால்தான். பசை செம்புக்குப் பதில் நிக்கல், முறுக்கு 12.

டவுன்பைப்பில் வெல்ட் விரிசல் சரிசெய்யப்பட்டு, தோள் உள்ள அசல் ஸ்பிரிங் போல்ட்டுகள் புதிதாக. நடு ஃபிளேஞ்சில் 10.9 எம்10 போல்ட், பசையோடு 38 நியூட்டன் மீட்டர். இது துருப்பிடிக்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் பொருளாக அதை வைத்துக்கொள்வதே நேர்மையான வழி. ஃபிளேஞ்ச் தடிமனைவிடப் பத்து மி.மீ. மட்டும் நீளமான போல்ட் போட்டால் வெளியே நீட்டிய மரை துருவேறி நட்டை அடைக்காது, அடுத்தமுறை கழற்றும் கை தப்பிக்கும்.

பின் சைலன்சர் கிளாம்பும் எம்6 போல்ட்டுகளும் போட்டது போட்டபடியே இருந்தன. கழற்றிப் பார்த்தபோது சாதா ஸ்பானருக்கே வந்தன. அங்கே சூடு குறைவு, பிடிப்பின் தேவையும் குறைவு. சைலன்சருக்குள் தேங்கும் அமில நீரும் சக்கரம் இறைக்கும் ஈரமும்தான் அங்கே எதிரி. எவர்சில்வர் அதற்காகவே பிறந்தது. கடலோரத்திலோ உப்புத் தூவும் சாலையிலோ ஓடும் வண்டி என்றால் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த ஏ4 இன்னும் நல்லது. உப்பு படிந்து 60 டிகிரிக்கு மேல் சூடாகும் ஏ2 போல்ட், அதிகம் இறுக்கப்பட்டிருந்தால், எச்சரிக்கை தராமல் விரிசல் விடும். ஆகவே அங்கேயும் முறுக்கு அளவோடுதான். மரையைத் துடைத்து, நிக்கல் பசை தடவி, பழைய எம்6 போல்ட்டுகளே 5 நியூட்டன் மீட்டரில் திரும்பப் போயின.